விதானையார் கிணறு, ஸ்காபரோ

வீட்டை விற்பது என்று முடிவான மூன்றாம் நாள், வரவேற்பறையில் முப்பத்தொரு வருடம் கிடந்த கார்ப்பெட்டைக் கிழித்தெடுக்க வந்த இரண்டு வேலைக்காரர்கள் சுவரோரத்திலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டே நடு அறை வரைக்கும் வந்து, அங்கே ஒரு கிணறு இருந்தபடியால் அதைச் சுற்றி வட்டமாக வெட்டி, மிச்சத்தையும் சுருட்டி லொறியில் ஏற்றிக்கொண்டு, வாளி கட்டின் ஓரத்தில் இருக்கிறது, தட்டி விழுத்திவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இடுப்பளவுக் கட்டு, சுண்ணாம்புக்கல், உள்விளிம்பில் கயிறு உரசி உரசிப் பள்ளமாகிய நாலு தடங்கள். எட்டிப் பார்த்தால் பதினைந்து முழத்துக்குக் கீழே தண்ணீர் தெரிந்தது, தண்ணீருக்குள் வானம் தெரிந்தது, வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோதும் உள்ளே தெரிந்தது வெயிலடிக்கிற வானமாகத்தான் இருந்தது. கீழே பேஸ்மென்டில் அதே இடத்தில் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு மேலே கூரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. அது அதன் பாட்டுக்கு இருந்தது, இது இதன் பாட்டுக்கு இருந்தது.

வீட்டை விற்பதற்குக் காரணம் தெய்வானையின் முழங்கால்கள். படுக்கையறைகள் மேலே, குசினி கீழே, நடுவில் பதினாலு படிகள். காலையில் அவள் ஒவ்வொரு படியிலும் குந்தி இருந்து இருந்து இறங்குவாள், மாலையில் கைகளைப் பின்னால் ஊன்றி, ஏறும் திசைக்கு முதுகைக் காட்டி ஏறுவாள். லிஃப்ட் உள்ள கட்டடமொன்றில் எட்டாம் மாடியில் ஒரு வீடு பார்த்து முற்பணமும் கட்டியாயிற்று. ஆகஸ்ட் முடிவதற்குள் இந்த வீடு விலைபோகாவிட்டால் அந்த வீடு இன்னொருவருக்குப் போய்விடும், அவள் இந்தப் படிகளிலேயே மிச்சக் காலத்தை இருந்து தீர்க்க வேண்டியதுதான். அவளுடைய கணவர் மார்க்கண்டுவுக்கு எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூடம் அவரை வாசலுக்கு வெளியே நிலத்தில் இருத்தியபடியால் அவர் எழுத்தைத் துண்டுப்பிரசுரங்களில் கற்றவர், அதனால் இன்றுவரை எதையும் உரத்து வாசிக்கவும், எந்த வசனத்தையும் கோரிக்கையாக முடிக்கவும் பழகியவர்.

கிணற்றைப் பார்த்த உடனேயே அது எந்தக் கிணறு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாலு கயிற்றுத் தடங்களில் மூன்றாவது மட்டும் கோணலாகப் போயிருந்தது. ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் வீட்டு வேலைக்காரன் இடதுகைக்காரன், அவன் நின்று இழுக்கிற இடம் அது. மார்க்கண்டுவின் ஊரான வேலங்காட்டில் நல்ல தண்ணீர் இருந்தது அந்த ஒரு கிணற்றில்தான். மார்க்கண்டுவின் தாய் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலிருந்து தள்ளி நிற்பாள், காலையில் நிற்பாள், மத்தியானம் நிற்பாள், மனமிரங்கிய யாராவது வந்து அள்ளி வார்க்கும் வரைக்கும் நிற்பாள். தாகமென்றால் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பாள். இருபத்திரண்டு வயதில் அவர் தீண்டாமைக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தது அந்தக் கயிற்றைப் பிடிக்கத்தான். ஆனால் இயக்கத்தின் நிகழ்ச்சிநிரலில் முதலாவது தேத்தண்ணிக் கடை, இரண்டாவது கோயில், கிணறு மூன்றாவது. தேத்தண்ணிக் கடையில் சைக்கிள் சங்கிலியால் அடி வாங்கி உள்ளே போய் எல்லோருக்கும் கொடுக்கிற கிளாசில் குடித்தார்கள். கோயில் வாசலில் இயக்கம் இரண்டாக உடைந்தது, யார் துரோகி என்று ஒருவருக்கொருவர் பிரசுரம் அடிப்பதிலேயே பேப்பர் முடிந்தது. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. தாய் செத்தாள். பிறகு போர் வந்தது, அவர்கள் கடல் கடந்து ஸ்காபரோவுக்கு வந்தார்கள், விதானையாரின் வீட்டு வளவு இராணுவ வேலிக்குள் போயிற்று, கிணறு தூர்ந்துவிட்டது என்று சொன்னார்கள். தூர்ந்த கிணறு இப்போது அவருடைய வரவேற்பறையில் இருந்தது.

"போராடி எடுத்திருக்க வேண்டியதை கார்ப்பெட்டுக்குக் கீழ கண்டெடுத்துக் குடிக்கிறதுக்கு நான் ஆளில்லை" என்று தெய்வானையிடம் சொன்னார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, குழாய்த் தண்ணீரைக் குடித்தார்.

வீட்டை விற்றுக் கொடுக்கிற முகவர் நிரோஜன், முப்பத்துநாலு வயது, பஸ் தரிப்பிட வாங்குகளில் அவனுடைய சிரிப்பு விளம்பரமாக ஒட்டப்பட்டிருக்கும். அவன் கிணற்றைச் சுற்றி நடந்து படமெடுத்து, தன் அலுவலகத்தைக் கேட்டு, கிணறு எடுத்துப்போகக்கூடிய பொருளல்ல, வீட்டோடு சேர்ந்தது என்று தீர்ப்பு வாங்கி, அறை நடுவே கணப்பு இருந்தால் எப்படிக் கதிரைகளைப் போடுவார்களோ அப்படி வாடகைக்கு எடுத்த சாம்பல்நிற சோபாக்களைக் கிணற்றைச் சுற்றிப் போட்டு, கட்டின்மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்களை வைத்தான். மாநகராட்சியிலிருந்து வந்த அதிகாரி தன்னிடமிருந்த படிவத்தில் கிணற்றுக்கு இடமில்லாதபடியால் அதை உள்ளக நீச்சல்குளமாகப் பதிந்தார். குளத்துக்குரிய விதிகளின்படி குதிக்கக் கூடாது என்று ஒரு பலகை தொங்கவேண்டும், வெளியாட்கள் உள்ளே நிற்கும் நேரமெல்லாம் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். சோதனைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் அவர் இன்னும் இரண்டு போத்தல்களோடு வந்தார்.

அதன் பிறகு தெரு வந்தது. பக்கத்து வீட்டு டெல்ஃபினா, பிலிப்பைன்ஸ்காரி, தாதி, அந்தத் தண்ணீரில் அரிசி கழுவினால் தன் தாயின் ஊர் வாசம் வருகிறது என்றாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி லொறி ஓட்டுநர் இது தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரேதான் என்று சத்தியம் பண்ணினார். மட்டக்களப்பார் ஒருவர் அது எப்படிப் பஞ்சாபித் தண்ணீராகும் என்று அவரோடு சண்டை பிடித்து, சண்டை முடிந்து இருவரும் ஒரே வாளியில் அள்ளிக்கொண்டு போனார்கள். முப்பது வருடமாகத் தேத்தண்ணியில் ஏதோ குறைகிறது என்று தேயிலையையும் பாலையும் மனைவியையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த ஆண்கள், குறைந்தது தண்ணீர்தான் என்று கண்டுபிடித்து, வாய் மூடிக் குடித்தார்கள். காலையிலும் மாலையிலும் பால் கலன்களோடு வரிசை நின்றது. சப்பாத்துகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள், அள்ளினார்கள், போகும்போது சிந்தியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். மார்க்கண்டு ஒரு மட்டையில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: எவரும் தங்கள் கையால் அள்ளலாம். எவரும் எவரையும் ஊர் கேட்கக் கூடாது.

நிரோஜன் அதைக் கழற்றினான்.

"ஐயா, கோவிக்காதேங்கோ. வீடு பாக்க வாற ஆக்கள் தங்களைத்தான் இஞ்ச நினைச்சுப் பாக்க வேணும், உங்களை இல்லை. படம், பேர், புத்தகம், நோட்டீசு ஒண்டும் இருக்கக் கூடாது. இது எல்லாருக்கும் சொல்லுறதுதான்."

"எல்லாருக்கும் சொல்லுறதோ, எனக்குச் சொல்லுறதோ?"

நிரோஜன் கொஞ்ச நேரம் பிளாஸ்டிக் எலுமிச்சம்பழங்களை அடுக்கினான். "எங்கட சனம்தான் கூட வருவினம். வந்தால் ஆற்ற வீடு, எந்த ஊர், எந்தப் பக்கம் எண்டு சுத்திச் சுத்திக் கேப்பினம். எனக்கு அதெல்லாம் இல்லை ஐயா, நான் இஞ்ச வளந்தவன். ஆனா சிலபேர் பதில் கேட்டிட்டு நல்ல வீடு எண்டு சொல்லிப்போட்டுப் போவினம், திரும்பி வரமாட்டினம். உங்களுக்குத் தெரியாததே."

தெரியாததா. சங்கிலி அடி பட்ட தோளை வைத்துக்கொண்டு, தேத்தண்ணிக் கடை ஊர்வலப் படத்தை அவர் தன் கையாலேயே சுவரிலிருந்து இறக்கிப் பெட்டியில் வைத்தார். ஐம்பது வருடம் பெயரையும் ஊரையும் ஒழுங்கையையும் யாரும் கேட்காமலே சொல்லித் திரிந்த மனிதர், சுவரில் ஆணி இருந்த ஓட்டைகளை மூட மா குழைத்துப் பூசினார். படியில் இருந்த தெய்வானை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ. உங்கட மானத்தை முப்பது வருசம் இந்தப் படியால ஏத்தி இறக்கினது நான். இனி ஏலாது. ஆரும் ஊர் கேட்டால் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. சொல்லுங்கோ."

"திறக்க மாட்டன்."

"என்ர தலையில அடிச்சு?"

"உன்ர முழங்காலில அடிச்சு" என்றார்.

வரிசை சிந்துகிற தண்ணீரைத் துடைக்கவும், பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைப் பளபளவென்று வைத்திருக்கவும், நிரோஜன் ஒரு பெண்ணைக் கூட்டிவந்து விட்டான். பெயர் இராசமலர், ஐம்பத்தெட்டு வயதிருக்கும், விற்கப்போகிற வீடுகளைத் துடைப்பதுதான் அவளுடைய வேலை, வசிக்கிற வீடுகளை அவள் துடைப்பதில்லை. கண்ணாடியைத் துடைத்தால் கண்ணாடி இருப்பது தெரியாது. ஆனால் அவள் தன் குடிதண்ணீரைப் பையில் ஒரு போத்தலில் கொண்டு வந்தாள். முதல் நாள் கொண்டு வந்தாள், இரண்டாம் நாள் கொண்டு வந்தாள், பதினொரு நாளும் கொண்டு வந்தாள். தெரு முழுக்க அள்ளிக் குடிக்கிற தண்ணீரில் அவள் ஒரு மிடறு குடிக்கவில்லை, வாளியைத் தொடவில்லை, கயிற்றைத் தொடவில்லை. துடைப்பம் கிணற்றுக் கட்டுக்கு ஒரு சாண் வெளியே வந்து நின்றுவிடும். கட்டைச் சுற்றி ஒரு வளையம் தூசியாகவே கிடந்தது.

மார்க்கண்டு அந்த வளையத்தைப் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் அவர் எழுபத்தெட்டு வருடம் கண்ணைக் கூர்மையாக்கி வைத்திருந்தார். நாங்கள் யாரென்று மணந்துவிட்டாள், என்று நினைத்தார். படத்தைக் கழற்றினாலும் பெயரைக் கழற்றினாலும் மூக்கு மணந்துவிடும், கூலிக்குத் துடைக்க வந்த இடத்திலும் தொண்டை தன் அந்தஸ்தை மறக்காது. நீ எந்த ஊர் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முதல் நாளே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை வாழ்நாளில் எவரிடமும் கேட்பதில்லை என்று இருபத்திரண்டு வயதில் எடுத்த முடிவை அவர் உடைக்கவில்லை. அதனால் கதிரையில் இருந்தபடி பதினொரு நாள் அவளோடு பேசாமல் இருந்தார், அவளும் அவரை ஐயா என்பதற்கு மேல் பேசாமல் துடைத்தாள். கொள்கையில் பிசகாமல் ஒரு மனுசியை அவர் வெறுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோருக்கும் வீட்டைத் திறந்துவிடுகிற சனிக்கிழமை வந்தது. இரண்டு மணிக்குக் கதவு திறப்பு. சமையல் மணம் போவதற்காக நிரோஜன் எல்லா யன்னல்களையும் திறந்து வைத்ததில் வெக்கை உள்ளே வந்து குந்திக்கொண்டது. காலை வரிசை கலைக்கப்பட்டிருந்தது. ஒரு மணிக்கே இராசமலரின் போத்தல் முடிந்துவிட்டது. அவள் அதைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள். உதடு வெடித்திருந்தது. கிணற்றை ஒருமுறை பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

"இண்டையோட உங்கட வேலை முடிஞ்சுது" என்றார் மார்க்கண்டு. "எங்கட தண்ணி தொண்டைக்குள்ள இறங்காமலே போகப்போறீங்கள். கெட்டித்தனம்தான்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். கட்டிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி வந்து நின்று, குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "ஐயா வாத்தால் குடிப்பன்" என்றாள்.

மார்க்கண்டு கதிரையிலிருந்து எழும்பினார். அந்த முதுகு வளைகிற விதம், அந்த விரல்கள் ஓட்டையில்லாமல் நெருங்குகிற விதம், கண் மேலே பார்க்காமல் நிலத்தைப் பார்க்கிற விதம் எல்லாம் ஒருநாளில் பழகக் கூடியவையல்ல.

"கையை எடு பிள்ளை" என்றார். "ஆர் உன்னை அள்ள வேண்டாம் எண்டது?"

"ஆரும் அள்ளெண்டு சொல்லேல்லை."

"நான் சுவரில எழுதி ஒட்டினனான்."

"நான் வந்த அண்டைக்குச் சுவரில பூசின மாதான் கிடந்தது. காயாமலும் கிடந்தது."

"ஊரே வந்து அள்ளுறதைப் பதினொரு நாள் பாத்தனியே."

"அவை அள்ளுவினம் ஐயா. அவை அள்ளுறதைப் பாத்து நாங்கள் எப்ப அள்ளினாங்கள்?" அவள் இன்னும் நிமிரவில்லை. "இவ்வளவு பெரிய வீடு. வீட்டுக்குள்ள கிணறு. பக்கத்தில கதிரை போட்டு இந்த மீசையோட ஒரு ஆள் காவல். ஒரு வாய் பேச்சில்லை. நான் உங்களை ஆர் எண்டு நினைக்கிறது? விதானையார் எண்டுதான் நினைச்சன்."

படியிலிருந்து தெய்வானை சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் சிரித்து நெடுநாளாயிற்று. மார்க்கண்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தாறு வருடப் போராட்டத்தின் பிறகு அவர் ஒரு பெண்ணைத் தாகத்தோடு நிறுத்திவைத்த விதானையாராக அங்கே நின்றார். வாளியை எடுத்து வார்த்தால் விதானையார்தான், வார்க்காமல் நின்றாலும் விதானையார்தான். அவர் கயிற்றின் நுனியை எடுத்து அவளுடைய குவிந்த கைகளுக்குள் வைத்தார்.

"அள்ளு."

"எனக்கு அள்ளத் தெரியாது ஐயா."

"எனக்கும் தெரியாது" என்றார். "நானும் இன்னும் அள்ளேல்லை. பிடி, பாப்பம்."

வாளியை இறக்கினார்கள். அது கவிழாமல் தண்ணீரில் மிதந்தது, பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து சுவரில் முட்டியது, இரண்டாம் முறை பாதியளவுதான் மொண்டது. கயிற்றை எந்தக் கைக்கு மேல் எந்தக் கையை வைத்து இழுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. இழுத்த பாதி வாளியில் பாதி, புதிய தரைப் பலகையில் சிந்தியது. மிச்சத்தை அவள் வாளியை உயர்த்தி அப்படியே குடித்தாள், கழுத்தால் வழிய வழியக் குடித்தாள், பிறகு வாளியை அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார். நல்ல தண்ணீர்தான். கொஞ்சம் குளிர் கூட.

அப்போதுதான் நிரோஜன் கதவைத் திறந்தான். முன்னால் வீடு பார்க்க வந்த பொறியியலாளர், அருணன். பின்னால் அவனுடைய தாய் ஞானாம்பிகை, எழுபது வயது, வெள்ளிக் கரை வைத்த சேலை. தரை முழுக்க ஈரம், சோபா நனைந்திருந்தது, எலுமிச்சம்பழங்கள் உருண்டு கிடந்தன. நிரோஜன் கண்ணை மூடித் திறந்தான். ஞானாம்பிகை எதையும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்கு வந்து கட்டின் விளிம்பைத் தடவி, மூன்றாவது தடத்தில் விரலை வைத்து, அதன் கோணல் வழியே விரலை ஓட்டினாள்.

"கேள்விப்பட்டுத்தான் வந்தனான். நம்பேல்லை" என்றாள். "இது எங்கட பெரியப்பா வீட்டுக் கிணறு. இருபத்தெட்டு வருசம் வேலிக்கு வெளிய நிண்டு எட்டி எட்டிப் பாத்திட்டு வந்தனாங்கள். வளவு திரும்பக் கிடைச்சபோது கிணறு இல்லை. அருணன், என்ன விலை எண்டாலும் இதை எடுக்க வேணும்." பிறகு மார்க்கண்டுவைப் பார்த்தாள். நல்ல மரியாதையாகத்தான் கேட்டாள். "நீங்கள் எந்த ஊர்?"

நிரோஜன் இருமினான். மார்க்கண்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். தாடை ஆடியது, மீசையில் தண்ணீர் சொட்டியது, வாய் திறக்கவில்லை. காவலர் நிலையத்தில் அடிபட்டபோதுகூட அவர் இவ்வளவு பாடுபட்டு மௌனம் காத்ததில்லை.

"வேலங்காடு" என்றது படியிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். தெய்வானை ஐந்தாம் படியில் இருந்தாள். இறங்கி நாலாம் படியில் இருந்தாள்.

"வேலங்காடு, பனையடி ஒழுங்கை" என்றாள். "இவற்ற தாய் வள்ளி. உங்கட பெரியப்பா வீட்டுக் கிணத்தடியில குடத்தோட நிண்டவ. நீங்கள் சின்னப்பிள்ளையாய் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் கண்டிருப்பியள்." இறங்கி மூன்றாம் படியில் இருந்தாள். "வீட்டை விக்கிறது என்ர காலுக்காகத்தான். காலுக்காக அவரின்ர வாயை இவ்வளவு இறுக்கி மூட வேண்டி வருமெண்டு நான் நினைக்கேல்லை. பாக்க எனக்கே ஏலாமல் இருக்கு."

ஞானாம்பிகை தடத்திலிருந்து விரலை எடுத்தாள். கண்டிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அருணன் "அம்மா, போவமா?" என்று மெல்லக் கேட்டான்.

"தண்ணி விடாய்க்குது" என்றாள் ஞானாம்பிகை.

இராசமலர் ஏவல் செய்து வந்த பழக்கத்தில் வாளியை எடுக்கப் போனாள். "பிள்ளை, கயிறைக் குடு" என்றாள் தெய்வானை. "அவ அள்ளிக் குடிக்கட்டும்."

ஞானாம்பிகைக்கும் அள்ளத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவர்களுக்கு எப்போதும் வேலைக்காரன்தான் அள்ளிக் கொடுத்தான். இராசமலர், அள்ளக் கற்றுக் கால்மணி நேரம்தான் ஆகியிருந்தவள், வாளியைச் சரிக்கும் விதத்தைச் சொன்னாள். வெள்ளிக் கரை முழுக்க நனைந்தது. ஞானாம்பிகை குடித்து முடித்ததும் மார்க்கண்டு வாய் திறந்தார்.

"ஒரு நிபந்தனை. ஒப்பந்தத்தில எழுத வேணும். வீடு உங்கட, கிணறும் உங்கட. ஆனால் ஆர் வந்தாலும் தன்ர கையால அள்ளலாம். ஆரையும் ஊர் கேக்கக் கூடாது."

நிரோஜன் அப்படி ஒரு வாசகத்துக்குப் படிவத்தில் இடமில்லை என்று தொடங்கி, மாநகராட்சியின் நீச்சல்குளத்தை நினைத்து நிறுத்திக்கொண்டான். தெய்வானை மூன்றாம் படியில் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். லிஃப்டும் எட்டாம் மாடியும் அவளுடைய இரண்டு முழங்கால்களும் அந்த அம்மாவின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தன.

"எனக்கு எழுபது வயசு" என்றாள் ஞானாம்பிகை. "ஊர் கேக்கிறது எனக்கு மூச்சு விடுறமாதிரி. அது தன்பாட்டில வாயில வந்திடும். வந்திட்டால் என்ன செய்யிறது?"

மார்க்கண்டு இதற்கு ஒரு பிரசுரமே எழுதியிருக்கக் கூடியவர். யோசித்தார்.

"கேட்டால் அவை சொல்லுவினம்" என்றார். "சொன்னாப் பிறகும் கயிறைக் குடுக்க வேணும். எழுது தம்பி, அப்பிடியே எழுது."

நிரோஜன் எழுதினான். ஞானாம்பிகை அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை வாசித்துவிட்டு, சரி என்றாள். அவன் தன் கையடக்கத் திரையை நீட்டி, விரலால் கையெழுத்து வைக்கச் சொன்னான். அவளுடைய விரல் ஈரமாக இருந்தபடியால் திரை அதை எடுக்கவில்லை. மார்க்கண்டுவின் விரலையும் எடுக்கவில்லை. சேலைத் தலைப்பால் துடைத்தார்கள், தலைப்பும் ஈரம். இராசமலர் துணியைத் தேடினாள், அவளுடைய துணிகளில் ஒன்றுகூடக் காய்ந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் எல்லோரும் கைகளை யன்னல் வெயிலுக்கு நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

"ஆறுதலாக் காயட்டும்" என்றாள் தெய்வானை, மூன்றாம் படியிலிருந்து. "என்ர கை காய்ஞ்சுதான் இருக்கு. நான் முதல்ல வைக்கிறன், உந்தத் திரையை இஞ்ச கொண்டு வா தம்பி."